எஞ்சினின் பெயரை வாசிப்போம்

மாடு வாங்கப் போகிற எமது விவசாயி அதன் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், தாய்ப்பசு நாளொன்றுக்கு எத்தனை போத்தல் கறந்தது என்று விசாரிப்பார். விதைநெல் என்றாலும் அப்படித்தான். யாருடைய வயலில் விளைந்தது, எந்தப் போகத்து நெல் என்று கேட்காமல் மூட்டையைத் தூக்க மாட்டார். அதே மனிதர் பழைய வான் ஒன்று வாங்கப் போகும்போது பெயின்ற்றின் பளபளப்பையும் சீற் உறையையும் பார்த்துவிட்டு, “யப்பான் எஞ்சின், பயமில்லை” என்ற ஒரு சொல்லை நம்பிக் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். எஞ்சினுக்கும் பூர்வீகம் உண்டு. அது இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. காணி கைக்கு வராதவர்களும், வந்தும் கிணறும் வேலியும் அழிந்த நிலையில் இருப்பவர்களும், நகையை அடகு வைத்தோ நாலைந்து வீட்டார் கூட்டுச் சேர்ந்தோ ஒரு வான் அல்லது சிறிய லொறி வாங்கிப் பிழைக்க முயல்வதை நாம் பல இடங்களில் காண்கிறோம். மரக்கறி ஏற்றலாம், கூலியாட்களை வயலுக்குக் கொண்டுபோகலாம், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளே கைமாறின. இருபது, முப்பது வயதான வண்டியில் எஞ்சின்தான் முதல். அது பிழைத்தால் முதலும் போய்விடும்.

ஆகவே இந்த இதழில், எமது வீதிகளில் அதிகம் ஓடும் ஒரு கம்பனியின், அதாவது ரொயோட்டாவின், எஞ்சின் குடும்பங்களைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு குறிப்பு: எஞ்சினிலும் புத்தகத்திலும் ஆங்கில எழுத்துகளே இருக்கும். நாம் இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் எழுதுகிறோம். ‘2 எல்’ என்று நாம் எழுதுவது இரண்டு என்ற இலக்கமும் எல் என்ற ஆங்கில எழுத்துமாகும்; இரண்டு லீற்றர் அல்ல.

தறியில் இருந்து எஞ்சினுக்கு

ரொயோட்டாவின் தொடக்கம் மோட்டார் அல்ல, நெசவுத் தறி. சாக்கிச்சி ரொயோடா என்பவர் தானியங்கித் தறியைச் செம்மைப்படுத்திப் பெயர் பெற்றவர். 1929இல் அத்தறியின் உரிமை இங்கிலாந்தின் பிளாற் சகோதரர் கம்பனிக்கு விற்கப்பட்டது. அவருடைய மகன் கீச்சிரோ 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்கச் செவர்லே கார் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அதைப் பார்த்து எஞ்சின் செய்யப் பழகினார்கள். சிலிண்டர் புளொக்கை வார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. தறிக்கு வார்த்த கைகளுக்கு, உள்ளே தண்ணீர் ஓடும் பொந்துகளோடு ஒரு புளொக்கை வார்க்க வரவில்லை. வீணாகி உருக்கப்பட்டவை ஏராளம். ஈற்றில் உருவான ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினுக்கு ‘ஏ’ என்று பெயரிட்டார்கள். 1935இல் வண்டியில் ஏறிய அந்த எஞ்சினின் கொள்ளளவு 3389 சி.சி. கம்பனி 1937இல் தனியாகப் பதிவானது.

அன்று தொடங்கிய பழக்கம்தான் ஓர் எஞ்சின் குடும்பத்துக்கு ஓர் எழுத்து என்பது. 1966இல் முதலாவது கொறோலாக் காரோடு 1077 சி.சி. கொண்ட ‘கே’ வந்தது. 1977இல் ‘எல்’ என்ற டீசல் குடும்பம் வந்தது. எழுத்துகள் முடிந்துவிடும் என்று நினைப்பீர்கள், முடியத்தான் செய்தன. ஆகவே பழைய எழுத்தையே மறுபடி எடுத்தார்கள். 1978இல் வந்த நாலு சிலிண்டர் ‘ஏ’ குடும்பத்துக்கும் 1935இன் ‘ஏ’க்கும் எழுத்தைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பின்னர் ‘எச்இசெட்’, ‘கேடி’, ‘என்இசெட்’ என இரண்டெழுத்துப் பெயர்களும் வந்தன.

குடும்பம் என்று ஏன் சொல்கிறோம்? புளொக்கின் அடிப்படை அமைப்பு, சிலிண்டர்கள் நிற்கும் ஒழுங்கு, வால்வை இயக்கும் முறை, பெரும்பாலும் கியர் பெட்டி பொருந்தும் முகம் ஆகியவை ஒரு குடும்பத்துக்குள் பொதுவாக இருக்கும். துளையைச் சற்றுப் பெருப்பித்தோ பிஸ்ரன் ஓடும் தூரத்தை நீட்டியோ அடுத்த பிள்ளையைப் பெறுவார்கள். தொழிற்சாலைக்குப் புதிய அச்சும் புதிய கடைசல் இயந்திரங்களும் குறைவாகவே தேவைப்படும். எமக்கும் அதில் நன்மை உண்டு. குடும்பம் தெரிந்தால் குணமும் பெருமளவு தெரியும்.

முன்னால் நிற்கும் இலக்கம்

பெயரின் முதலில் நிற்கும் இலக்கம் அக்குடும்பத்தில் எத்தனையாவது வடிவமைப்பு என்பதைச் சொல்கிறது. பழைய காலத்தில் மூத்த பிள்ளைக்கு இலக்கமே இல்லை. ‘கே’, ‘எல்’, ‘பி’ என்று வெறும் எழுத்துத்தான். பிற்காலத்தில் மூத்ததற்கும் 1 என்று போட்டார்கள்.

இந்த இலக்கத்தில்தான் எம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய இலக்கம் என்றால் பெரிய எஞ்சின் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. சில குடும்பங்களில் அது சரிவரும், எல்லாவற்றிலும் அல்ல. 4 ஏ எஞ்சின் 1587 சி.சி., அதற்குப் பின் வந்த 5 ஏ எஞ்சினோ 1498 சி.சி.தான். 1 கேடி 2982 சி.சி., 2 கேடி 2494 சி.சி. “இது டூ கேடி அண்ணை, வண் கேடியைவிடப் பெரிசு” என்று யாராவது சொன்னால் அவருக்குத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பி என்ற டீசல் குடும்பத்தில் இன்னொரு புதினம் உண்டு. பி, 3 பி ஆகியவை பழைய முறையில் டீசலைச் சிறு முன்னறைக்குள் தெளிப்பவை. அதே கொள்ளளவில் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களைச் செய்தபோது 11 பி, 13 பி என்று பெயரிட்டார்கள். எச் குடும்பத்தின் 2 எச்சுக்கு நேரடித் தெளிப்பு வந்தபோது 12 எச் ஆயிற்று. பத்தைக் கூட்டியிருக்கிறார்கள் போலும். பிறகு வந்த 14 பி, 15 பி அந்த வரிசையிலேயே தொடர்ந்தன.

எல் குடும்பத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எமது வீதிகளில் ஓடும் பழைய ஹயஸ் வான்களிலும் ஹைலக்ஸ் வண்டிகளிலும் நாம் அதிகம் காண்பது எல் குடும்பம். எல்லாம் நாலு சிலிண்டர் டீசல். எல்லாம் முன்னறைக்குள் டீசல் தெளிப்பவை. ஆகவே காலையில் கிளோ பிளக் சூடாகும்வரை சற்றுப் பொறுக்க வேண்டியவை.

கொள்ளளவைக் கணக்கிடும் முறை எளிது. சிலிண்டர் துளையின் விட்டத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதை 0.7854 ஆல் பெருக்குங்கள். அதைப் பிஸ்ரன் ஓடும் தூரத்தால் பெருக்குங்கள். ஈற்றில் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கிணற்றில் எத்தனை லீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று கணிப்பதும் இதே கணக்குத்தான். கிணறு இங்கே சிறியது, நாலு கிணறு இருக்கிறது.

2 எல் எஞ்சினில் துளை 92 மில்லிமீற்றர், ஓட்டம் 92 மில்லிமீற்றர். அதாவது 9.2 தர 9.2 தர 0.7854 தர 9.2 தர 4. வருவது 2446 சி.சி. மூத்த எல் எஞ்சினுக்குத் துளை 90, ஓட்டம் 86; அது 2188 சி.சி. 3 எல்லுக்குத் துளையும் ஓட்டமும் 96. அது 2779 சி.சி. 5 எல்லில் ஓட்டம் அதே 96, துளை மட்டும் 99.5 ஆகப் பெருத்தது. அது 2986 சி.சி.

இந்த எண்கள் எதற்கு என்று கேட்கலாம். பிஸ்ரனும் றிங்கும் ஹெட் காஸ்கற்றும் துளையின் அளவைப் பொறுத்தவை. வெளியே இருந்து பார்த்தால் 2 எல்லும் 3 எல்லும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஒன்றைக் கழற்றி மற்றதை அதே இடத்தில் பூட்டவும் முடியும். ஆனால் உள்ளே நாலு மில்லிமீற்றர் வித்தியாசம். அந்த நாலு மில்லிமீற்றருக்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பு விழுந்துபோகலாம்.

அப்படி விழுந்ததை நாம் கண்டோம். வன்னியில் நாலு குடும்பங்கள் சேர்ந்து, ‘டொல்பின்’ என்று எம்மவர் அழைக்கும் ஹயஸ் வான் ஒன்றை வாங்கினார்கள். 3 எல் என்று சொல்லி விற்கப்பட்டது. புத்தகத்திலும் அப்படியே இருந்தது. சில மாதங்களில் ஒயில் குடித்து நீலப் புகை தள்ளத் தொடங்கியது. கொழும்புக்கு ஆள் அனுப்பி, பஞ்சிகாவத்தையில் 3 எல்லுக்கான றிங் செற் வாங்கிவந்தார்கள். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் றிங்கைத் துளைக்குள் வைக்கப் பார்த்தார். போகவில்லை. புளொக்கில் இருந்த அழுக்கைச் சுரண்டிவிட்டு, “அண்ணை, இது த்ரீ எல் இல்லை, டூ எல். வாங்கேக்க நம்பரைப் பாக்கேல்லையோ?” என்று கேட்டார். முன்னைய உடைமையாளர் ஒருவர் நல்ல எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, மலிந்த விலைக்கு 2 எல் ஒன்றைப் பூட்டியிருக்கிறார். றிங் செற்றுக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம். புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ள இலக்கமும் வேறுபடுவதால் வந்த அலைச்சல் அதைவிடப் பெரிது. புளொக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே மாறுவதும் உண்டு. பழைய 2 எல்லில் வால்வை றொக்கர் கை அழுத்தும். பின்னர் வந்த 2 எல்லில் காம் சாப்ற் நேரே வால்வின் தொப்பியை அழுத்தும். ஆகவே ஹெட் சம்பந்தமான பாகம் வாங்கும்போது “டூ எல்” என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

காலம் தப்பினால்

எஞ்சினில் கிராங் இரண்டு முறை சுற்றும்போது காம் சாப்ற் ஒரு முறை சுற்ற வேண்டும். அப்போதுதான் பிஸ்ரன் மேலே வரும் நேரத்தில் வால்வுகள் மூடி நிற்கும். இந்த ஒழுங்கைக் காப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன: பற்சில்லு, சங்கிலி, றப்பர் பெல்ற். ஒரு எஞ்சின் குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், இம்மூன்றில் எது என்று கேளுங்கள் என்றே நாம் சொல்வோம்.

டைனா லொறி, கோஸ்ரர் பஸ், பழைய லான்ட் குறூசர் ஆகியவற்றில் வந்த பி குடும்பம் பற்சில்லு வகை. சத்தம் கூட, பாரம் கூட. ஆனால் அறுந்துபோக எதுவும் இல்லை. 3 பி 3.4 லீற்றர், 14 பி 3.7 லீற்றர் அளவானவை. பாரம் ஏற்றுவதற்கு நாம் நம்பிச் சொல்லக்கூடியது இந்தக் குடும்பம். கே குடும்பப் பெற்றோல் எஞ்சின் சங்கிலி வகை. 1966இல் தொடங்கிய அந்தக் குடும்பம், 3 கே, 4 கே, 5 கே என்று வளர்ந்து 1781 சி.சி. கொண்ட 7 கே வரை போனது. சங்கிலி தளர்ந்தால் கலகலவென்று சத்தம் போட்டு முன்னரே சொல்லிவிடும்.

எல் குடும்பமும், லைற் ஏஸ், ரவுண் ஏஸ் வான்களில் வந்த சி குடும்பமும் பெல்ற் வகை. றப்பர் பெல்ற் சத்தமின்றி ஓடும், சத்தமின்றியே அறுந்தும் போகும். அறுந்த கணத்தில் காம் நின்றுவிடும், கிராங் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்து நின்ற வால்வை பிஸ்ரன் மேலே வந்து அடிக்கும். வால்வு வளையும், சில வேளை பிஸ்ரனும் உடையும். இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுவதே பொதுவான கணக்கு. சில வண்டிகளில் அந்தத் தூரம் வந்ததும் ஒரு சிறு விளக்கு எரியும். பெல்ற்றை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும் என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

கைமாறி வந்த வண்டியின் மீற்றரை நம்பவே வேண்டாம். பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையெனில், வாங்கிய கிழமையே பெல்ற்றையும் அதை இறுக்கும் பெயாரிங்கையும் மாற்றுங்கள். அந்தச் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். ஒயில் கசிவு பெல்ற் மூடிக்குள் இறங்கியிருந்தால் காலக்கணக்கே செல்லாது. ஒயில் பட்ட றப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

பின்னால் வரும் எழுத்துகள்

குடும்பப் பெயருக்குப் பின் ஒரு கோடும் அதன்பின் சில எழுத்துகளும் இருக்கும். அவை அந்த எஞ்சினுக்கு என்ன பூட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்பவை. ‘ரி’ என்றால் ரேர்போ; புகை வெளியேறும் வேகத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சில்லு. ‘ஈ’ என்றால் எரிபொருளை மின்னணு முறையில் அளந்து விடுவது. ‘எவ்’, ‘ஜி’ இரண்டும் இரட்டைக் காம் சாப்ற். முன்னது சிக்கனத்துக்கு, பின்னது வேகத்துக்கு. டீசல் எஞ்சினில் ஈற்றில் ‘வி’ வந்தால் ‘கொமன் றெயில்’ எனப்படும் உயர் அழுத்தத் தெளிப்பு.

2 எல் என்பதும் 2 எல்-ரி என்பதும் ஒரே புளொக்கின் இரு வடிவங்கள். ரேர்போ பூட்டினால் வலு கூடும், வெப்பமும் கூடும். 2 எல்-ரி, 2 எல்-ரிஈ எஞ்சின்களில் ஹெட் வெடிப்பது பல நாட்டு மெக்கானிக்குகளும் அறிந்த சங்கதி. வான் ஏறுமதி இல்லாத எமது சமவெளியில் மரக்கறி ஏற்றி ஓடுகிறவருக்கு ரேர்போ தேவையில்லை என்பதே எமது அபிப்பிராயம். ஓட்டத்தில் சற்றுச் சோம்பலான வெறும் 3 எல் அல்லது 5 எல் உங்கள் கைக்காசுக்கு விசுவாசமாக இருக்கும். எந்த எல் ஆனாலும் றேடியேற்றர் தண்ணீரைக் காலைதோறும் பாருங்கள். தண்ணீரில் ஒயில் படலம் மிதந்தாலோ, எஞ்சின் ஓடும்போது றேடியேற்றருக்குள் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தாலோ, வண்டியை விற்பவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

முகாம்களில் இருந்தவர்களுக்கு வெள்ளை நிற லான்ட் குறூசர் வண்டிகள் மறக்காது. உலகெங்கும் உதவி நிறுவனங்கள் விரும்பி எடுத்த அந்த வண்டிகள் பலவற்றில் இருந்தது 1990இல் வந்த 1 எச்இசெட். ஆறு சிலிண்டர், 4164 சி.சி. பெயரின் பின்னால் ஓர் எழுத்தும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரேர்போ இல்லை, மின்னணு இல்லை. பாதை இல்லாத இடத்தில் பழுதானால் ஒரு சாதாரண மெக்கானிக் சாவிப் பெட்டியோடு வந்து திருத்தலாம்; அதற்காகவே அதை எடுத்தார்கள். ஆயினும் அதுவும் பெல்ற் வகைதான்.

எரிபொருளும் எஞ்சினும்

1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் வடக்கில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறிது பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கிச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். அழுத்த விகிதம் குறைந்த பழைய காபரேற்றர் எஞ்சின்கள் அதைத் தாங்கின. அந்த அனுபவத்தை டீசல் எஞ்சினுக்குக் கொண்டுவருவது ஆபத்து. 2022 எரிபொருள் நெருக்கடியின்போதும் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கலாமா என்று எம்மிடம் கேட்டவர்கள் உண்டு.

எல் குடும்பத்தில் டீசலை அளந்து தள்ளும் சுழல் பம்ப்புக்குத் தனி ஒயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெய்ப்பசை. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை இல்லை, பம்ப் தேயும். உடனே தெரியாது, மெல்ல மெல்லத் தெரியும். 1 கேடி-எவ்ரிவி போன்ற கொமன் றெயில் எஞ்சினில் இது இன்னும் மோசம். அதில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில், முடியளவு துளைகளால் தெளிக்கப்படுகிறது. தூசியோ தண்ணீரோ மண்ணெண்ணெயோ உள்ளே போனால் இன்ஜெக்ரர் கெடும். நாலு இன்ஜெக்ரரின் விலையைக் கேட்டுவிட்டு வண்டியை முற்றத்தில் நிறுத்தி வைத்தவர்களை நாம் அறிவோம். கேடி குடும்பம் வலுவானது, குறைவாகக் குடிப்பது; அதில் சந்தேகமில்லை. ஆனால் பீப்பாவில் வாங்கிய டீசலை ஊற்றி ஓடுகிறவருக்கு அது ஏற்ற எஞ்சின் அல்ல. வடியைத் தவறாமல் மாற்றி, நல்ல நிலையத்தில் டீசல் அடிக்கக்கூடியவரே அதை வாங்கலாம். 2015இல் வந்த ஜிடி குடும்பமும் கொமன் றெயில்தான். அதில் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்திலேயே பாதி விடை

வண்டியின் கீழ் புகுந்து பார்ப்பதற்கு முன், பதிவுப் புத்தகத்தில் மொடல் எழுத்துகளைப் பாருங்கள். ரொயோட்டா வண்டிகளில் மொடலின் முன்னெழுத்து எஞ்சின் குடும்பத்தையும், அடுத்தது வண்டியின் இனத்தையும் சொல்லும். எல்எச் 113 என்றால் எல் எஞ்சின் பூட்டிய ஹயஸ். ‘எச்’ இங்கே ஹயஸ் இனத்தின் எழுத்து. கேடிஎச் 201 என்றால் கேடி எஞ்சின் பூட்டிய ஹயஸ். எல்என் என்றால் எல் எஞ்சின் ஹைலக்ஸ். கேஈ 70 என்றால் கே எஞ்சின் கொறோலா. பிஜே 40 என்றால் பி எஞ்சின் லான்ட் குறூசர். சிஆர் 27 என்றால் சி எஞ்சின் ரவுண் ஏஸ். யப்பானில் இருந்து வந்த வண்டியில் இவ்விபரங்கள் ஒரு சிறு தகட்டிலும் இருக்கும்; எஞ்சின் பெயரும் சி.சி.யும் அதிலேயே உண்டு.

தகடு ஒன்று, புத்தகம் ஒன்று, புளொக்கில் பொறித்த இலக்கம் ஒன்று. மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். எல்எச் என்று தொடங்கும் வண்டிக்குள் சி எஞ்சின் இருந்தால் அது தத்துப்பிள்ளை. தத்துப்பிள்ளை கெட்ட பிள்ளை என்பதல்ல. றீகண்டிசன் எஞ்சின் பூட்டிய நல்ல வண்டிகள் நிறைய ஓடுகின்றன. ஆனால் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட்டு, புதிய எஞ்சின் இலக்கம் பதிவில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையெனில், ஏற்றித் தந்த பிறகே மீதிக் காசு என்று சொல்லுங்கள். இலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம்; அது களவு எஞ்சினாக இருக்கலாம். இடம்பெயர்ந்து, அடையாள அட்டைக்கும் காணி உறுதிக்கும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய எமக்கு, இன்னொரு பத்திரச் சிக்கல் வேண்டியதில்லை.

பெற்றோல் வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விற்ஸ் முதலிய சிறிய கார்களில் வரும் 1 என்இசெட்-எவ்ஈ 1497 சி.சி., சங்கிலி வகை. அதன் பின்னெழுத்தில் ‘எக்ஸ்’ சேர்ந்து ‘எவ்எக்ஸ்ஈ’ என்று வந்தால் அது அக்குவா, பழைய பிறியஸ் போன்ற கலப்பு மின்சார வண்டியின் எஞ்சின். அங்கே எஞ்சினைவிட பற்றறியை விசாரிப்பதே முக்கியம். 2017 தொடக்கம் ரொயோட்டா பெயரிடும் முறையையே புதிய எஞ்சின்களுக்கு மாற்றிவிட்டது. ஏ25ஏ, எம்20ஏ என்று எழுத்து முன்னும் இலக்கம் நடுவிலும் நிற்கும். அந்த இலக்கம் இப்போது அளவையே சொல்கிறது. 25 என்றால் 2.5 லீற்றர், 20 என்றால் 2 லீற்றர். பழைய முறையில் பழகிய கண்ணால் இதை வாசிக்கக்கூடாது.

குழுவாகச் செய்து பார்க்க

இப்பாடத்தை வாசிக்கும் குழுவினர் தமது ஊரில் உள்ள இரண்டு ரொயோட்டா வண்டிகளின் உடைமையாளரிடம் அனுமதி கேட்டு, புத்தகம், தகடு, புளொக் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெல்ற்றா, சங்கிலியா, பற்சில்லா என்று அவர்களுக்குத் தெரிகிறதா எனக் கேளுங்கள். பிள்ளைகளிடம் கணக்கைக் கொடுங்கள்: 5 ஏ எஞ்சினின் துளை 78.7 மில்லிமீற்றர், ஓட்டம் 77 மில்லிமீற்றர், சிலிண்டர் நாலு. சென்ரிமீற்றருக்கு மாற்றிப் பெருக்கினால் 1498 வர வேண்டும். பிறகு துளையை 81 மில்லிமீற்றர் ஆக்கி, மற்றவற்றை அப்படியே வைத்து இன்னொரு முறை பெருக்கச் சொல்லுங்கள். வரும் விடை எந்த எஞ்சினுடையது என்பது இப்பாடத்திலேயே இருக்கிறது.